மூளையை மாற்றுவதா, முட்டுக்கட்டையை நீக்குவதா?

வீட்டிலே தேய்ந்துபோன ஒரு பொருளைத் திருத்திப் பயன்படுத்துவதா, கழித்துவிட்டுப் புதியதை வாங்குவதா என்னும் கேள்வி நம் இல்லங்களுக்குப் புதியதன்று. தையல் இயந்திரத்தைக் குறித்தும், துவிச்சக்கர வண்டியைக் குறித்தும், தோட்டத்துக்கு நீரிறைக்கும் இயந்திரத்தைக் குறித்தும் நம் முன்னோர் கேட்ட கேள்வியே அது. இன்று அதே கேள்வி படிப்பறை மேசையில் இருக்கும் கணினியைக் குறித்து எழுந்திருக்கின்றது. பிள்ளை உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கின்றாள். கணினியோ பொத்தானை அழுத்தி ஐந்து நிமிடமாகியும் கண் விழிக்கவில்லை. கடைக்குச் சென்று கேட்டால், "புரொசெசரை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்" என்கின்றார் ஒருவர். "முழுவதையும் மாற்றாவிட்டால் பயனில்லை" என்கின்றார் மற்றொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். ஆயினும், அவற்றுள் எது நம் வீட்டுக் கணினிக்குப் பொருந்தும் என்பதை அறிவது எவ்வாறு? அதனையே இங்கு ஆராய்வோம்.

கேள்வி இப்போது எழுந்த காரணம்

குடாநாட்டின் வீடுகளிலும், தனியார் கல்வி நிலையங்களிலும், சிறு அலுவலகங்களிலும் விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமை பல ஆண்டுகளாக வழங்கிவந்தது. 2015ஆம் ஆண்டு யூலை மாதத்தில் வெளிவந்த அம்முறைமைக்குரிய வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதன் பின்னரும் கணினி இயங்கும். ஆயின் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்கள் முன்போல் தாமாக வந்து சேரமாட்டா. வங்கிக் கணக்கைப் பார்க்கவும், பரீட்சை விண்ணப்பங்களை அனுப்பவும் பயன்படும் கணினிக்கு இது சிறிய குறையன்று.

2021ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளையும் ஏற்பதில்லை. இன்டெல் நிறுவனத்தின் செயலிகளுள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும், ஏ.எம்.டி. நிறுவனத்தின் செயலிகளுள் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையுமே அதன் பட்டியலில் இடம்பெற்றன. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் வேண்டப்பட்டது. இதனால் நேற்றுவரை குறையின்றி உழைத்த பல கணினிகள் 'தகுதியற்றவை' என்னும் பெயரைப் பெற்றன. கடைவழக்கில் புரொசெசர் எனப்படும் செயலியை மட்டும் மாற்றிவிட்டால் என்ன என்னும் எண்ணம் பல வீடுகளில் தோன்றியது இவ்வாறே.

அந்த எண்ணத்துக்குப் பின்னால் பணம் இருக்கின்றது. கணினியின் உறுப்புகள் யாவும் கடல் கடந்து வருபவை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டிற்று. அன்று ஏறிய விலைவாசியின் சுமையை நம் குடும்பங்கள் நன்கு அறியும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணமாயினும், வெளிநாட்டிலிருக்கும் மாமனார் மருமகளின் படிப்புக்கென அனுப்பிய பணமாயினும், தவறான உறுப்பில் அதனைச் செலவிட்டுவிட்டால் மீண்டும் சேர்ப்பது எளிதன்று.

கிணறும் இயந்திரமும்

செயலி என்பது கணினியின் மூளை. 1971ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் முதற் சில்லுச் செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய செயலிகளில் அவை நூற்றுக் கோடிக் கணக்கில் உள்ளன. இத்தகைய பேராற்றல் படைத்த உறுப்பை மாற்றினால் கணினி பாய்ந்தோடும் என்று நினைப்பது இயல்பே. ஆனால் மூளை எவ்வளவு விரைந்து சிந்தித்தாலும், அதற்கு வேண்டிய செய்தி கைக்கு வந்து சேரவேண்டுமன்றோ?

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. கிணற்றில் ஊற்று மெதுவாக ஊறுமாயின், இரண்டு குதிரைவலு இயந்திரத்துக்குப் பதிலாக ஐந்து குதிரைவலு இயந்திரத்தைப் பூட்டினாலும் நீர் பெருகாது. சிறிது நேரத்தில் கிணறு வற்றும். இயந்திரம் வெறுமனே சுழலும். நம் சுண்ணக்கற் பூமியில் நன்னீர் உவர்நீரின் மேலே மிதந்து நிற்பதால், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீரும் மேலேறி வரும். இயந்திரத்தை மாற்றுமுன் ஊற்றைப் பார் என்பதே அதன் பாடம்.

கணினிக்கு ஊற்று எது? பழைய கணினிகளில் அது பெரும்பாலும் வன்தட்டு. அதாவது ஹாட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஒரு வன்தட்டு, ஒரு விநாடிக்கு 120 முறை சுற்றுகின்றது. வேண்டிய செய்தி ஊசிமுனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று வேண்டும். ஊசி நகர்ந்து உரிய இடத்தை அடையவும் நேரம் வேண்டும். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 12 மில்லிவிநாடி ஆகின்றது. இது கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவு என்று நாம் எண்ணலாம். ஆனால் 3.4 கிகாஹேட்ஸ் வேகமுள்ள செயலி அந்த 12 மில்லிவிநாடியில் நான்கு கோடிக்கு மேற்பட்ட துடிப்புகளைக் கடந்துவிடுகின்றது. ஒரு சிறு கோப்புக்காக நான்கு கோடித் துடிப்புகள் காத்திருக்கும் மூளையை, இன்னும் விரைவான மூளையாக மாற்றினால் நேர்வது யாது? அதுவும் அதே 12 மில்லிவிநாடி காத்திருக்கும், அவ்வளவே.

கணினியை இயக்கும்போதும், ஒரு செய்நிரலைத் திறக்கும்போதும் இவ்வாறு சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு செய்திகள் தேடி எடுக்கப்படுகின்றன. சுழலும் வன்தட்டு விநாடிக்கு எண்பது, நூறு என்ற அளவிலே அவற்றை எடுத்துத் தரும். சுழலும் பகுதி எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பு உறுப்போ அவற்றைப் பல்லாயிரக் கணக்கில் தரும். பழைய கணினியில் எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தியவர்கள் "புதுக் கணினி போலாகிவிட்டது" என்று வியப்பதன் காரணம் இதுவே.

ஜீன் அம்தால் என்னும் அமெரிக்க அறிஞர் 1967ஆம் ஆண்டிலேயே இதற்கொரு கணக்கைக் காட்டினார். ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் விரைவுபடுத்தினால், மீதிப் பகுதி நமது இலாபத்துக்கு எல்லை வகுத்துவிடும் என்பது அதன் சாரம். பத்து நிமிட வேலையில் செயலியின் பங்கு இரண்டு நிமிடம் என்று கொள்வோம். செயலியின் வேகத்தை இருமடங்காக்கினால் மிச்சமாவது ஒரு நிமிடமே. எஞ்சிய எட்டு நிமிடமும் எட்டு நிமிடமாகவே நிற்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

ஆகவே முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, "எந்தச் செயலி விரைவானது?" என்பதன்று, "நம் கணினி எதற்காகக் காத்திருக்கின்றது?" என்பதே. இதற்கு விடை காண ஒரு சதமும் செலவில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மனேஜர் என்னும் பலகை திறக்கும். செயலி, நினைவகம், வட்டு ஆகியவை நூற்றுக்கு எத்தனை வீதம் உழைக்கின்றன என்பதை அது காட்டும். கணினி எந்த வேலையில் திணறுகின்றதோ, அந்த வேலையைச் செய்யும்போது அதனைக் கவனித்தல் வேண்டும்.

வட்டு 100 வீதத்தில் நிற்க, செயலி 20 வீதத்தில் இருக்குமாயின், குற்றம் வன்தட்டினுடையது. ராம் எனப்படும் நினைவகம் நிரம்பி வழியுமாயின், குறை நினைவகத்தினுடையது. நான்கு கிகாபைட் நினைவகத்துடன் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்திருக்கும் கணினிக்கு இதுவே நோய். வட்டும் நினைவகமும் ஓய்வாக இருக்க, செயலி மட்டும் நெடுநேரம் 100 வீதத்தில் நிற்குமாயின், அப்போதுதான் செயலியை மாற்றும் பேச்சுக்கு இடமுண்டு.

அப்போதும் அவசரப்படலாகாது. பல செயலிகள் 100 பாகை செல்சியஸை அண்மிக்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வலிகாமத்தின் செம்மண் புழுதியும், நமது கோடை வெப்பமும் இதற்குத் துணை செய்கின்றன. பெட்டியைத் திறந்து, விசிறியிலும் அதன் கீழுள்ள உலோகச் சிறகுகளிலும் அடைந்த தூசியை அகற்றி, காய்ந்துபோன வெப்பப் பசையைப் புதிதாக இட்டால், சில கணினிகள் இழந்த வேகத்தை மீண்டும் பெற்றுவிடும். ஒரு பகற்பொழுதின் வேலையே இது.

எண் ஒன்றாயினும் இனம் வேறு

செயலியையே மாற்றவேண்டும் என்று உறுதியாயிற்று என்று கொள்வோம். அடுத்த கேள்வி, தாய்ப்பலகை எதனை ஏற்கும் என்பது. செயலி அமரும் இருக்கை தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றது. மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, 2013ஆம் ஆண்டு வெளிவந்த இன்டெல் ஐ-3 4130. இரண்டு கோர்களும், 3.4 கிகாஹேட்ஸ் வேகமும் கொண்டது. எல்.ஜி.ஏ. 1150 என்னும் அதே இருக்கையில் ஐ-7 4770 அமரும். அதற்கு நான்கு கோர்கள். திருமண வீடியோவைத் தொகுப்பது போன்று பல கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கக்கூடிய வேலையில் இம்மாற்றம் நன்கு தெரியும். ஆனால் மாணவர் எழுதும் சாதாரண பைதன் செய்நிரல் ஒரே கோரில் ஓடுவது. அதற்கு ஐ-7இன் உச்ச வேகம் 3.9 கிகாஹேட்ஸ், துடிப்பைக் கொண்டு பார்த்தால் ஏறத்தாழ ஏழிலொரு பங்கே கூடுதல். மேலும் இரண்டுமே நான்காம் தலைமுறையைச் சேர்ந்தவை. ஐ-7ஐப் பொருத்தினாலும் விண்டோஸ் 11இன் கதவு திறவாது.

இரண்டாவது உதாரணத்திற் பலர் ஏமாறுவதுண்டு. ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் செயலிகளின் இருக்கை எல்.ஜி.ஏ. 1151. எட்டாம் தலைமுறையின் இருக்கையும் எல்.ஜி.ஏ. 1151 என்றே பெயர் பெறும். "எண் ஒன்றுதானே" என்று எட்டாம் தலைமுறைச் செயலியை வாங்கி வந்தால், பழைய தாய்ப்பலகையில் அது வேலை செய்யாது. 2017ஆம் ஆண்டு எட்டாம் தலைமுறையுடன் 300 வரிசைத் தாய்ப்பலகைகள் வந்தன. அச்செயலிகள் அவற்றுக்கே உரியவை. ஆகவே ஆறாம் தலைமுறைக் கணினியை விண்டோஸ் 11க்குத் தகுதியாக்கச் செயலி மாற்றம் வழியன்று.

மூன்றாவது உதாரணம் மகிழ்ச்சி தருவது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 இருக்கை நீண்ட ஆயுள் படைத்தது. 2017ஆம் ஆண்டு வந்த ரைசன் 5 1600 விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. 2022ஆம் ஆண்டு வந்த ரைசன் 5 5600 பட்டியலில் உண்டு. இரண்டும் ஏ.எம்.4 இருக்கைக்குரியவை, இரண்டுக்கும் குறிக்கப்பட்ட வெப்ப அளவும் 65 வாட்டே. தாய்ப்பலகையைச் செய்த நிறுவனம் உரிய பயோஸ் திருத்தத்தை வெளியிட்டிருக்குமாயின், செயலி ஒன்றை மாற்றுவதாலேயே கணினி இளமை பெற்றுவிடும். பழைய செயலி இருக்கும்போதே பயோஸைத் திருத்திவிட்டு, அதன் பின்னரே புதியதைப் பொருத்துதல் வேண்டும். முறை மாறினால் திரை இருண்டே கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. எட்டாம் தலைமுறைக் கணினியையே "தகுதியற்றது" என்று விண்டோஸ் சொல்வதுண்டு. டி.பி.எம். உறுப்பு பயோஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருப்பது அதற்குக் காரணமாகலாம். அதனை இயக்கிவிட்டாற் போதும், கடைக்குப் போகவேண்டியதில்லை.

மின்சாரத்தையும் நினைத்தல் வேண்டும். ஐ-3 4130க்குக் குறிக்கப்பட்ட வெப்ப அளவு 54 வாட்; ஐ-7 4770க்கு 84 வாட். உழைப்பு மிகும்போது பவர் சப்ளைக்கும் விசிறிக்கும் சுமை கூடும். மின்சாரம் நின்றபோது யூ.பி.எஸ். தாங்கும் நேரம் குறையும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்ட நமக்கு இது அற்ப விடயமன்று.

யாருக்கு எது?

பாமினி எழுத்தில் கடிதமும் விண்ணப்பமும் தட்டச்சுச் செய்யும் வீட்டுக்கும், பரீட்சை வினாத்தாள்களைப் பார்க்கும் மாணவருக்கும், 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் பழைய ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படிக்கும் ஆசிரியருக்கும் பெரிய செயலி வேண்டியதில்லை. எட்டு கிகாபைட் நினைவகமும் ஓர் எஸ்.எஸ்.டி.யும் அவர்களுக்குப் போதிய துணை. இவற்றுள்ளும் எஸ்.எஸ்.டி.க்கு ஒரு தனிச்சிறப்புண்டு. சாதாரண சாட்டா இணைப்புள்ள எஸ்.எஸ்.டி.யை நாளை வாங்கும் கணினிக்கும் பெரும்பாலும் கழற்றி எடுத்துச் செல்லலாம். நான்காம் தலைமுறைக் கணினிக்கு வாங்கும் டி.டி.ஆர்.3 நினைவகம் அவ்வாறு உடன்வராது.

வீடியோ தொகுக்கும் கலையகத்தாருக்கும், கட்டட வரைபடங்களை முப்பரிமாணமாக ஆக்குவோருக்கும், பெரிய மென்பொருள்களை உருவாக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் செயலியே முதன்மையானது. அவர்களுக்கு அது செலவன்று, முதலீடு. தாய்ப்பலகை இடங்கொடுக்குமாயின் அவர்கள் தயங்கவேண்டியதில்லை. செயலியில் ஓடித் தேயும் பகுதி எதுவும் இல்லாமையால், பாவித்த செயலியை வாங்குவது பாவித்த வன்தட்டை வாங்குவதினும் அச்சம் குறைந்தது. ஆயினும் கடையிலேயே பொருத்தி இயக்கிக் காட்டும்படி கேட்டுக்கொள்ளல் நன்று.

விண்டோஸ் 10இன் முடிவு மட்டுமே கவலையாயின், அதற்கு வேறு வழிகளும் உள. வீட்டுப் பாவனையாளர் பதிவு செய்துகொண்டால் 2026ஆம் ஆண்டு ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என மைக்ரோசொப்ட் 2025இல் அறிவித்தது. லினக்ஸ் என்னும் இலவச முறைமைக்கு மாறுதல் மற்றொரு வழி. உபுண்டு 24.04 என்னும் பதிப்புக்கு 2029ஆம் ஆண்டு வரை திருத்தங்கள் உண்டு. பைதன் பயில அது மிக வாய்ப்பானது. ஆயின் வீட்டிற் பயன்படும் அச்சுப்பொறியும் தட்டச்சு முறையும் அதில் இயங்குகின்றனவா என்று பரீட்சித்த பின்னரே மாறுதல் வேண்டும்.

சிக்கனத்துக்கும் எல்லை உண்டு

1990களின் முற்பகுதியில் மின்சாரமும் பெற்றோலும் அற்றிருந்த குடாநாட்டில், பழைய ஏ-40 கார்களும் மொரிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயை ஊட்டி ஓட்டினர். சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். உள்ளதைக் கொண்டு வாழும் அந்தக் கெட்டித்தனம் நம் பெருமைக்குரியது. ஆனால் மண்ணெண்ணெய் இயந்திரத்துள் கரியேற்றி அதனைக் கெடுத்தது என்பதும் உண்மையே. வேறு வழியில்லாதபோது செய்ததை, வழி பிறந்த பின்னும் செய்வது சிக்கனமாகாது.

பழைய கணினியின் செயலி, தாய்ப்பலகை, பவர் சப்ளை ஆகிய மூன்றும் ஒருங்கே தளர்ந்திருக்குமாயின், ஒன்றை மட்டும் மாற்றுவது பழஞ்சேலையில் புதுத்துணி ஒட்டுவது போலாகும். தாய்ப்பலகையை மாற்றப் புகுந்தால், பெரும்பாலும் நினைவகத்தையும் மாற்றவேண்டி வரும். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் நினைவகத்தின் விலை ஏறியதையும் இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும். அந்நிலையில், அலுவலகங்களிற் பாவித்துக் கழித்த எட்டாம் அல்லது ஒன்பதாம் தலைமுறைக் கணினி ஒன்றை முழுதாக வாங்குவது இலாபமாகலாம்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் நன்று. எஸ்.எஸ்.டி.யும் நினைவகமும் சேர்ப்பதற்கு எவ்வளவு, செயலியை மட்டும் மாற்றுவதற்கு எவ்வளவு, பாவித்த முழுக் கணினிக்கு எவ்வளவு என மூன்று விலைகளை யாழ்ப்பாண நகரிலோ, சுன்னாகத்திலோ, நெல்லியடியிலோ உள்ள இரண்டு கடைகளிற் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, நம் வீட்டில் நாள்தோறும் நடக்கும் எந்த வேலை அதனால் விரைவுபெறும் என்பதையும் குறியுங்கள். செயலிக்கு எதிரே எழுதுவதற்கு ஒரு வேலையும் இல்லையாயின், விடை கிடைத்துவிட்டது.

அந்தச் சோதனையையும் கணக்கையும் வீட்டு மாணவரிடமே ஒப்படைக்கலாம் என்பது எமது கருத்து. டாஸ்க் மனேஜரைக் கவனித்துக் குறித்து, தாய்ப்பலகையின் எண்ணைப் படித்து, அதனைச் செய்த நிறுவனத்தின் செயலிப் பட்டியலோடு ஒப்பிட்டு, பெற்றோருக்குக் காரணத்தோடு எடுத்துச் சொல்லட்டும். பாடப்புத்தகத்தில் மத்திய செயற்பாட்டு அலகு என்று மனனஞ்செய்த உறுப்பு, அப்போது கண்ணெதிரே பொருள் பெறும். பணம் செலவாகும் முன்னரே அந்தக் கணினி பிள்ளைக்கு ஒரு பாடத்தைக் கற்பித்துவிடும்.